தூக்கத்தில் உறுமும் கிரேஹவுண்ட்

மெல்போர்னில் தத்தெடுத்த, பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய் மாடிப்படி ஏற மறுக்கிறது, தூங்கும்போது தொட்டால் உறுமுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குணக்கேடு இல்லைங்க, வளர்ந்த விதம் அப்படி. பந்தய நாய்கள் கொட்டிலில், தங்கள் இனத்தோடு மட்டுமே வளர்பவை. பெரும்பாலானவை மாடிப்படி, கண்ணாடிக் கதவு எதையுமே பார்த்திருக்காது. தூங்கும்போது யாரும் வந்து தடவியதும் கிடையாது. போதாக்குறைக்குச் சில கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும், விழித்திருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

அதனால் தொடாதீர்கள். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தலை தூக்கியதும் கிட்டே போங்கள். சோபாவை விட அதற்கென்று ஒரு மெத்தை நல்லது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

படிக்கு, பின்னால் நின்று பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வையுங்கள். முதலில் இரண்டு மூன்று படி போதும். இறங்கப் பழக இன்னும் நாளாகும்.