நீர்வண்ணத் தன்னுருவப் படத்தின் பிரதி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு நீர்வண்ணத் தன்னுருவப் படத்தின் பிரதி, ஃபிரேமோடு கிடைத்தது. அச்சா, கையால் வரைந்ததா?

பதில்: கன்னத்தில் நிழல் விழும் இடத்தைப் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூக்களாகக் கூடியிருந்தால் ஆஃப்செட் அச்சு. மணல் தூவியதுபோல் சிதறியிருந்தால் இங்க்ஜெட். 'ஜிக்ளே' என்று பெரிய பெயர் வைத்து விற்பது இதைத்தான். கையால் தீட்டியதென்றால் புள்ளியே இருக்காது. நிறம் தாளின் இழைக்குள் ஊறி, காய்ந்த விளிம்பில் அடர்ந்த கோடாகத் தேங்கியிருக்கும். அச்சிலும் அந்தக் கோடு தெரியும், ஆனால் லென்ஸில் அதுவும் புள்ளியாக உடைந்துவிடும்.

கேள்வி: ஓவியர் இடக்கையில் தூரிகை பிடித்திருக்கிறார். இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்களோ?

பதில்: கண்ணாடி பார்த்து வரைந்திருப்பார், அவ்வளவுதான். கையெழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருந்தால் அச்சு மாறவில்லை.

கேள்வி: முகத்தில் வெளிச்சம் படும் இடமெல்லாம் பழுப்பாக இருக்கிறது. மட்டமான அச்சா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பெயிண்டே இல்லை, தீட்டாமல் விட்ட தாள். மூக்கு நுனியின் மினுமினுப்பும் கண்மணியின் ஒளிப்பொட்டும் வெறும் தாள்தான். மூலத்தின் தாள் பழுப்பேறியிருந்தால் பிரதியிலும் அது வரத்தான் செய்யும். அதைக் கணினியில் வெளுத்தால் கன்னத்துச் சிவப்பும் கூடவே போய்விடும். நான் பழுப்பை விட்டுவைப்பதையே விரும்புவேன். மூலமே நிறம் இழந்திருப்பதும் உண்டு: அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1887இல் தீட்டிய ஒரு நீர்வண்ணத்தில் அந்திவானச் சிவப்பு மங்கி, இன்று வானம் ஏறக்குறைய வெள்ளையாக நிற்கிறது. தாளில் மட்டும் சமரசம் வேண்டாம். பளபளப்புத் தாளில் நீர்வண்ணம் காலண்டர் படமாகிவிடும். பருத்தி இழையில் செய்த, மினுங்காத தாள்தான் சரி.

கேள்வி: பிரதியை மாட்டி வைப்பது கௌரவக் குறைச்சல் என்கிறார் நண்பர்.

பதில்: வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502இல் தீட்டிய முயல் இருக்கிறது. வெளிச்சத்துக்கு அஞ்சி மூலத்தை அபூர்வமாகத்தான் வெளியே எடுக்கிறார்கள்; மற்ற நாளில் அங்கே பார்வைக்கு இருப்பதும் பிரதிதான். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அருங்காட்சியகங்களே நீர்வண்ணங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாகத்தான் விளக்குப் போடுகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மங்கலைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

கேள்வி: படம் அலையலையாகி, ஒரு மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துவிடவா?

பதில்: இழுக்கவே இழுக்காதீர்கள். நான் ஒருமுறை இழுத்து, ஓவியரின் பாதி நெற்றி கண்ணாடியோடு வந்துவிட்டது. உள்ளே மவுண்ட் அட்டை வைக்காததுதான் கோளாறு. அது இருந்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. அலைக்குக் காரணம், நாலு பக்கமும் டேப் போட்டிருப்பார்கள். ஈரத்தில் தாள் விரிய இடம் வேண்டாமா? அமிலமில்லாத அட்டையில் மேல்விளிம்பை மட்டும் இரண்டு இடத்தில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டது ஆஃப்செட் பிரதி என்றால், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதே மேல்.