சாவு பயமும் மாயக் காளானும்: டாக்டரிடம் கேட்டவை

பெங்களூரில் வலி தணிப்புச் சிகிச்சை பார்ப்பவன் நான். அல்சூர் நண்பர்கள் சேர்த்து அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

மாயக் காளான், அதான் போதை தரும் 'மேஜிக் மஷ்ரூம்', சாப்பிட்டால் சாவு பயம் போய்விடும் என்கிறான் ஆபீஸ் நண்பன். நிஜமா சார்? (ஒயிட்ஃபீல்டு)

பாதி நிஜம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 புற்றுநோயாளிகளுக்கு, அந்தக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற போதைப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்தும் சுமார் 80 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகக் குறைந்திருந்தன. உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி: முன்கூட்டியே பல மணி நேரப் பேச்சு, கண்ணில் கட்டு, காதில் இசை, பக்கத்திலேயே இரண்டு பேர்.

அதில் அப்படி என்னதான் தெரிகிறது ஐயா? (ஜெயநகர்)

பலர் சொல்வது, 'நான்' என்ற பிடி தளர்ந்தது என்று. இதற்கு மருந்தேகூட வேண்டியதில்லை. 1896-ல் மதுரையில், 16 வயதில், ரமணர் பிணம்போல் படுத்துக்கொண்டு, சாவது எது என்று கேட்டுப் பார்த்தாரே! 2022-ல் மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலும், மருந்து எடுத்தவர், எடுக்காமலே அப்படி ஓர் அனுபவம் கண்டவர் என இரு தரப்பிலும் சுமார் 90 சதவீதம் பேர் சாவு பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். அரண்டு போனவன் வந்து பதில் எழுதுவானா என்பது என் சந்தேகம்.

அந்தக் காளானுக்காக வார இறுதியில் கொடைக்கானல் போகலாமா? (கோரமங்களா)

ஏரியைப் பார்க்கப் போங்கள். சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், அல்லது நீங்கள் லித்தியம் என்ற மனநோய் மருந்து சாப்பிட்டால், ஆபத்து இன்னும் பெரிது.

அம்மாவுக்குப் புற்றுநோய். ராத்திரி லைட்டை அணைக்க விடுவதில்லை. இந்த மருந்து இங்கே கிடைக்குமா டாக்டர்? (அல்சூர்)

கிடைக்காதம்மா. லைட் எரியட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதற்குப் பயம் என்று கேளுங்கள். அந்த ஆய்விலும் முதலில் நடந்தது பேச்சுதான்; அதற்குச் சட்டத் தடை இல்லை. என்னிடம் வந்த ஒரு பெரியவர், "சாவுக்கு இல்ல டாக்டர், மூச்சு முட்டுமோன்னுதான்" என்றார். மூச்சுத் திணறலுக்கு என்னிடம் மருந்து இருந்தது. அப்புறம், அம்மா வலி மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், எத்தனை மணிக்கு விழிக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.