மூக்கின் கூரையில் ஒரு கட்டி – கடிதமும் பதிலும்

வணக்கம் டாக்டர்,

என் அக்காவுக்கு வயது 46. எட்டு மாதமாக இடது மூக்கில் மட்டும் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். சதை வளர்ந்திருக்கிறது என்று சிடி ஸ்கேன் மட்டும் பார்த்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஆல்ஃபேக்டரி நியூரோபிளாஸ்டோமா, ஹையம்ஸ் கிரேடு 2' என்று வந்திருக்கிறது. மறுபடி மூக்கு வழியாகவே ஆபரேஷன், பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். தலையைத் திறக்காமல் முழுக்க எடுக்க முடியுமா? முழுக்க எடுத்துவிட்டால் கரண்ட் எதற்கு? கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கத்தி பட்டதால் இது பரவாது. வேரை விட்டுவிட்டு வந்தால் திரும்ப வளரும், அதைத்தான் ஊரில் பரவிவிட்டது என்கிறார்கள். எனக்கு இடறுவது வேறு விஷயம்: உங்கள் கடிதத்தில் எம்ஆர்ஐ என்ற சொல்லே இல்லை.

இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உச்சியில், சல்லடைத் தட்டு என்கிற மெல்லிய எலும்பு இருக்கிறது. மூக்குக்கு அது கூரை, மூளைக்கு அது தரை. வாசனை நரம்பின் இழைகள் பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது, அதன் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. அந்த இழைகள் தொடங்கும் சவ்வில்தான் ஆல்ஃபேக்டரி நியூரோபிளாஸ்டோமா என்கிற இந்தப் புற்றுக்கட்டி பிறக்கிறது. ஹையம்ஸ் கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்பதற்கான எண். 1924ல் பிரான்சில் பெர்ஜேயும் சகாக்களும் முதலில் விவரித்தார்கள். பத்து லட்சம் பேருக்கு வருடத்தில் ஒருவர்கூடத் தேறாத அளவு அரிது. புகையிலை, பரம்பரை என்று எதோடும் உறுதியான தொடர்பு காணப்படவில்லை. அக்காவிடம் யாரும் காரணம் கேட்டுக் குடைய வேண்டாம்.

கீழே தொங்கும் பாகம் சாதாரண சதை மாதிரி இருக்கும். மேலே, இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள், அதே துளைகள் வழியாக மூளையுறைக்குள் ஏறியிருக்கலாம். அப்போது படத்தில் நடுவில் சிறுத்த உடுக்கை போலத் தெரியும். எலும்பு அரித்திருக்கிறதா என்பதற்கு சிடி நல்லது. ஆனால் அடைபட்ட சைனஸில் தேங்கிய சளியும் கட்டியும் அதில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐயில், டி2 என்கிற வகைப் படத்தில், சளி பொதுவாகப் பளிச்சென்றும் கட்டி மங்கலாகவும் பிரியும். மூளையுறை, கண்குழி, கழுத்து நெறிக்கட்டி மூன்றையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கேடிஷ் நிலை என்று குறிப்பார்கள்: ஏ மூக்கோடு நிற்பது, பி சைனஸ் வரை, சி அதையும் தாண்டியது. கழுத்துக்கோ தொலைவுக்கோ போயிருந்தால் டி என்று பின்னால் சேர்த்தார்கள்.

இன்னொரு வேலை: முதல் ஆபரேஷனின் ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, மும்பை டாட்டா மெமோரியல் போன்ற இடத்தில் மறுபடி படிக்க வையுங்கள். மைக்ராஸ்கோப்பில் இது நீலமாகச் சாயம் ஏறிய சின்ன உருண்டைச் செல்கள். லிம்போமா, ராப்டோமயோசார்கோமா, மெலனோமா போன்ற வேறு புற்றுநோய்கள், ஏன் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டிகூட இதே முகத்தோடு வரும். செல்களின் புரதங்களைக் காட்டும் சாயப் பரிசோதனையில் சினாப்டோஃபைசின் பாசிட்டிவ், செல்கூட்டங்களைச் சுற்றி வேலி போல எஸ்-100 என்று இருந்தால் பெயர் உறுதியாகும். பெயர் மாறினால் வைத்தியமே மாறும். லிம்போமா என்றால் பெரிய ஆபரேஷனே கிடையாது, கீமோவும் கதிர்வீச்சும்தான். இதற்கு இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை.

தலையைத் திறக்காமல் முடியுமா? பெரும்பாலும் முடியும். தொங்கும் பாகத்தை முதலில் துண்டாக எடுத்து இடம் பண்ணிக்கொள்வார்கள், அதில் தவறில்லை. கட்டி ஒட்டியிருக்கும் அடித்தளத்தைச் சல்லடைத் தட்டு, மூளையுறை, தேவைப்பட்டால் வாசனை நரம்பின் குமிழ் வரை எடுத்து, ஓரங்களை அங்கேயே உறைய வைத்துப் பரிசோதிக்க வேண்டும். கண்குழிக்கு மேலே பக்கவாட்டில் பரவியிருந்தாலோ மூளைக்குள் ஆழமாகப் போயிருந்தாலோ மேலிருந்தும் திறக்க வேண்டிவரும். ஓட்டையை அடைக்கத் தொடையிலிருந்து ஒரு சவ்வு, அதன்மேல் மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்தக்குழாயோடு திருப்பிய சவ்வு மடிப்பு. நடுச்சுவரிலும் கட்டி இருந்தால் அந்தப் பக்கத்து மடிப்பு ஆகாது. மாற்று என்ன என்று முன்பே கேளுங்கள். நரம்பியல் அறுவை நிபுணர் உடன் இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

முழுக்க எடுத்த பிறகு கரண்ட் எதற்கு என்றால், அந்தச் சந்தில் ஒரு பக்கம் கண் நரம்பு, மேலே மூளை. வேறு இடத்தில் வெட்டுவது போல இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சுவதற்குத்தான் கதிர்வீச்சு. வழக்கமாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு, 30 தடவை, வாரம் ஐந்து நாள், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் நரம்பு ஏறக்குறைய 54 கிரேவுக்கு மேல் தாங்காது, திட்டமிடும் சிரமம் அங்கேதான். புரோட்டான் துகள்களால் தரும் கதிர்வீச்சு சென்னையிலும் உண்டு. செலவு அதிகம். கட்டி கண் நரம்பை ஒட்டியிருந்தால் யோசிக்கலாம், மற்றபடி நன்றாகத் திட்டமிட்ட ஐஎம்ஆர்டி, அதாவது கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அளவை மாற்றித் தரும் எக்ஸ்ரே கதிர்வீச்சு, போதும். பல் டாக்டரை முன்கூட்டியே பாருங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலச்சிக்கல் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் தண்ணீராகச் சொட்டி, குனிந்தால் வேகமாகி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளைத் தண்ணீர். கைக்குட்டையில் சளி காய்ந்தால் விறைக்கும், இது விறைக்காது. காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்தால் விடியக் காத்திருக்காமல் அன்றிரவே போங்கள். பொருக்கு கட்டுவதற்கு உப்புத் தண்ணீர் விட டாக்டர் சொன்ன பிறகு, 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் மூளையைத் தின்னும் அமீபா உள்ளே போகும் அபாயம் உண்டு.

ஐந்து வருடம் தாண்டியதும் கோப்பை மூடிவிடாதீர்கள். கழுத்து நெறிக்கட்டி பல வருடம் கழித்தும் வரும், பத்து வருடத்துக்குப் பிறகும் கட்டி திரும்பியதுண்டு. முதல் இரண்டு வருடம் எண்டோஸ்கோப்பியும் எம்ஆர்ஐயும் அடிக்கடி, பிறகு வருடா வருடம், கூடவே, கதிர்வீச்சு பக்கத்திலுள்ள பிட்யூட்டரியையும் தொட்டுவிடலாம் என்பதால், அதன் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை.

இரண்டு பக்கக் குமிழும் எடுக்கப்பட்டால் வாசனை திரும்பாது. நாக்கின் உப்பு, புளிப்பு, இனிப்பு இருக்கும். ஆனால் பால் திரிந்த வாடை தெரியாது, அடுப்பு அணைந்து கேஸ் கசிந்தாலும் தெரியாது. அக்கா வீடு திரும்புவதற்குள் சமையலறையில் கேஸ் கசிவு அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையில் படரும். அதனால் அலாரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் வைக்க வேண்டும், மேலே சுவரில் அல்ல.