வியாழன், சனியின் தொலைதூர நிலாக்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வியாழனின் அயோ நான்கு சுற்று முடிக்கும்போது யூரோப்பா இரண்டும் கானிமீடு ஒன்றும் முடிக்கின்றன. வெளியே சுற்றும் குட்டி நிலாக்களுக்கும் இப்படி ஒத்திசைவு உண்டா?

பதில்: தங்களுக்குள் அப்படி இல்லை. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலக் கற்கள். ஒன்றை ஒன்று இழுக்க எடை போதாது. அவற்றை ஆட்டுவிப்பது சூரியன்தான். அதனால் இங்கே பார்க்க வேண்டியது, பாதையே மெல்லத் திரும்பும் வேகத்தை. 1908-இல் கண்டறியப்பட்ட பாசிஃபே என்ற வியாழன் நிலாவின் நீள்வட்டம் நீண்டிருக்கும் திசை, சூரியனைச் சுற்றும் வியாழனின் நீள்வட்டத் திசையோடு பிணைந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, 2025 கணக்குப்படி சனிக்கு 274 நிலாக்கள். செங்குத்தான பாதையில் ஒன்றுகூட இல்லையே, ஏன்?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இதற்குக் காரணம் கொசாய்–லிடோவ் விளைவு. சனி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து நிலாவின் பாதை சாய்ந்திருக்கும் அளவு, அதாவது சாய்வு, சுமார் 39 டிகிரியைத் தாண்டினால், சூரியனின் இழுப்பு சாய்வைக் குறைத்து நீட்சியைக் கூட்டும் (நீட்சி 0 என்றால் வட்டம்; 1-ஐ நெருங்க நெருங்க ஒடுங்கிய நீள்வட்டம்). பிறகு திருப்பி மாற்றும். ஒரு கணக்குப் போடுவோம். சனியிலிருந்து 1.5 கோடி கி.மீ. தொலைவில், 60 டிகிரி சாய்வில், வட்டமாகச் சுற்றும் ஒரு நிலா. அதன் நீட்சி 0.76 வரை ஏறும். அப்போது அது சனியை ஏறக்குறைய 35 லட்சம் கி.மீ. வரை நெருங்கும். அங்கேதான் 1,470 கி.மீ. அகலமுள்ள ஐயாபெட்டஸ் என்ற பெரிய நிலா சுற்றுகிறது! மோதலோ, தூக்கி எறியப்படுவதோ, என்றாவது ஒருநாள் நடந்தே தீரும். 90 டிகிரியை நெருங்க நெருங்க நிலைமை இன்னும் மோசம்.

கேள்வி: அப்படியானால் 45 டிகிரிக்கு மேல் சாய்ந்த சனியின் நிலாக்கள் கிவியுக், இஜிராக் எப்படித் தப்பின?

பதில்: அதே விளைவுக்குள் பூட்டிக்கொண்டுதான். சாதாரணமாக நீள்வட்டத்தின் கிட்டமுனை, அதாவது சனிக்கு மிக அருகில் வரும் இடம், முழுச் சுற்றுச் சுற்றிவரும். இவற்றில் அது சனியின் பாதைத் தளத்துக்கு வெகுமேலேயோ கீழேயோ நின்று ஊசலாடுகிறது. அதனால் நீட்சி கைமீறிப் போவதில்லை.

கேள்வி: தொலைதூர நிலாக்களில், கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை ஏன் அதிகம்?

பதில்: கோளிலிருந்து அதிகத் தொலைவு வரை அவை நிலைக்கும். அப்படிப்பட்ட ஒரு நிலாவான நெப்டியூனின் நேசோ ஏறக்குறைய 5 கோடி கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு!

கேள்வி: வீட்டுத் தொலைநோக்கியில் இவற்றைப் பார்க்கலாமா?

பதில்: வியாழனின் நிலாவான ஹிமாலியாவை முயன்று பாருங்கள். வியாழனிலிருந்து ஒரு டிகிரி வரை விலகி நிற்கும். கோளின் பளபளப்பு அவ்வளவாகத் தொல்லை தராது. கண்ணால் காண 12 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். கேமரா இருந்தால் சிறியதே போதும். அடுத்தடுத்த இரவுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, நகர்ந்த புள்ளியைத் தேடுங்கள். 1904-இல் வானியலாளர் பெரைன் ஹிமாலியாவைக் கண்டுபிடித்ததும் புகைப்படத் தகடுகளில்தான்.