பியானோ வாசித்தால் முன்கை வலிக்கிறது, ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பியானோ கிரேடு தேர்வுக்காக வீட்டில் கீபோர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தினமும் 2 மணி நேரம் வாசிக்கிறாள். கொஞ்ச நாளாக வலது முன்கையில் வலி, எரிச்சல். விரலில் பலம் இல்லையோ என்று கையில் வைத்து அமுக்கும் ஸ்பிரிங் வாங்கிக் கொடுத்தோம். வலி கூடிவிட்டது.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அந்த ஸ்பிரிங்கை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. பியானோவில் ஒரு கீ இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும், அந்தப் பலம் உங்கள் மகளுக்குத் தாராளமாக இருக்கிறது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. அதனால்தான் விரல் வேலை செய்ய, வலி முன்கையில் வருகிறது.

பியானோவில் கீ இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர். அது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பியானோவுக்குள் இருக்கும் சுத்தியல் விடுபட்டுத் தானாகப் போய்க் கம்பியை அடித்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் துளியும் அதிகமாகாது. கீ எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதுதான் கணக்கு. வீட்டுக் கீபோர்டிலும், சத்தம் வந்தபின் அழுத்துவது வீண்தான். ஆனால் பல பிள்ளைகள் ஸ்வரம் வந்த பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பார்கள், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுப்பது போல இறுகி நிற்கும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி, அவள் மணிக்கட்டை அடியிலிருந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். எளிதாக மேலே வராமல் விறைத்து நின்றால் விஷயம் இதுதான். மோதிர விரலைத் தனியாக உயரத் தூக்கும் பயிற்சியும் வேண்டாம், அதன் தசைநாண் பக்கத்து விரல்களோடு பின்னிக் கிடக்கிறது, அது அவ்வளவுதான் தூக்கும்!

அப்புறம் அந்த மேசை. பெரும்பாலும் உயரம் அதிகமாக இருக்கும், தோள் தூக்கிக்கொள்ளும். முழங்கை கீயின் மட்டத்திலோ சற்று மேலேயோ வரும்படி நாற்காலியில் பலகையோ கெட்டியான மெத்தையோ போடுங்கள், கால் தரையில் படியட்டும். சுண்டுவிரல் எட்டாத இடத்துக்கு மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஒடிக்காமல் முழுக் கையையும் நகர்த்தச் சொல்லுங்கள்.

வலி அடங்கும்வரை வாசிக்க வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பதும் கூடாது. பிறகு 10, 15 நிமிடமாகப் பிரித்துத் தொடங்கலாம், தேர்வைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் இரவில் மரத்துப்போனாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ, பேனா பிடிக்கவே பலம் குறைந்தாலோ காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.