ஆரியங்காவு ஏற்றத்தில் நாக்கிங்: முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது உங்கள் பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காரின் இன்ஜின் தட்டுகிறது (நாக்கிங்) என்றும், எத்தனை முறை டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைத்தாலும் டைமிங் லைட் வெளிச்சத்தில் இன்ஜின் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். குறி துள்ளும் வரை, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பயனில்லை; கோளாறு பெரும்பாலும் அதன் உள்ளேதான் இருக்கும்.

மூடியைக் கழற்றி, ரோட்டார் நிற்கும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் முனைகள்) இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால் தீப்பொறி விழும் நேரமும் மாறுகிறது. அடுத்து ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் லேசாகத் திருகி விடுங்கள். அது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். அப்போது குறைந்த வேகத்திலேயே அட்வான்ஸ் (தீப்பொறி முன்கூட்டியே விழுவது) அளவுக்கு மீறி ஏறி, பாரம் இழுக்கும் மலைப்பாதையில் இன்ஜின் தட்டும். உங்கள் காரில் இதுதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. இதைச் சரிசெய்யும் வரை மலை ஏற வேண்டாம், பிஸ்டன் பாழாகிவிடும்.

பழுது நீங்கிய பின், பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்த பிறகே டைமிங் பாருங்கள். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினும் உங்கள் இன்ஜினும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பம் என்பதால், தென்காசியிலோ புனலூரிலோ அம்பாசடரில் கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால் தயங்காமல் அவரிடம் கொடுங்கள்.