பை ஏன் கசிகிறது? கொலோஸ்டமியோடு வாழ்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல ஆண்டுகளாக நிரந்தரக் கொலோஸ்டமியோடு வாழ்கிறேன். பெருங்குடலை வயிற்றின் வழியாக வெளியே எடுத்துத் தைத்து, மலத்தை ஒரு பையில் சேரவிடுவதுதான் கொலோஸ்டமி. வயிற்றில் வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். புதிதாகப் பை வைக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பை மாற்றக் கற்றுக்கொடுத்துவருகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து, ஸ்கேன், அடுத்த ஆபரேஷன் பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கசிவைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நன்றாக ஒட்டிய பை இப்போது ஒரு நாள்கூட நிற்பதில்லை. பேஸ்ட்டை அள்ளி வைத்தும் கசிகிறது. என்ன செய்வது அக்கா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு மகள்)

அடுத்த முறை ஒட்டும் தட்டை (பையைத் தோலோடு பிடித்துவைப்பது, நடுவில் ஸ்டோமாவுக்குத் துளை வெட்டியிருக்கும்) கழற்றியதும் உடனே குப்பையில் போட்டுவிடாதே, தங்கை. அதைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார். துளையைச் சுற்றி எங்கே கரைந்து வெளுத்திருக்கிறது, மலக்கறை எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். சுற்றிலும் ஒரே அளவில் கரைந்திருந்தால் துளை பெரிதாக இருக்கிறது, அல்லது தட்டு அளவுக்கு மீறிய நாட்கள் இருந்துவிட்டது. ஒரே பக்கம் கோடாக ஓடியிருந்தால், அந்தப் பக்கம் வயிற்றில் ஒரு மடிப்போ குழியோ இருக்கிறது. அப்பாவைப் படுக்கவைத்துப் பார்த்தால் அது தெரியாது. உட்காரச் சொல், சற்றுக் குனியச் சொல். மடிப்பு தானாக வெளிப்படும்.

உன் அப்பாவுக்குத் துளைதான் பெரிதாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கும். டிஸ்சார்ஜ் ஆன அன்று கொடுத்த அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால், சுருங்கிய ஸ்டோமாவுக்கும் தட்டுக்கும் நடுவில் தோல் வெளியே தெரியும். மலம் அங்கே தங்கி, தட்டின் அடியில் புகும். பை பெட்டியோடு வரும் அளவு அட்டையை வைத்து இன்றே அளந்து பார். ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் போதும். ஸ்டோமா நீள்வட்டமாகவோ கோணலாகவோ இருந்தால், ஒரு கண்ணாடித் தாளை அதன்மேல் பிடித்து உருவத்தை வரைந்துகொள். அந்த உருவத்தைத் தட்டின் பின்பக்கத்தில் வைத்து வெட்டும்போது தாளைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். திருப்பாமல் வரைந்தால் இடம் வலமாகிவிடும். ஒட்டும்போது துளை பொருந்தாது.

பேஸ்ட் என்ற பெயரைப் பார்த்து அது பசை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சுவர் விரிசலில் பூசும் சிமெண்ட் போன்றது, இடுக்கை நிரப்பும் வேலை மட்டுமே அதற்கு. மடிப்பு இருக்கும் இடத்தில் மெல்லிய கோடாக வைத்தால் போதும். அள்ளி வைத்தால் தட்டு தோலைத் தொடாமல் அதன்மேல் வழுக்கும். குழி ஆழமாக இருந்தால் பேஸ்ட்டை நம்பாதே; தோலின் பக்கம் புடைத்திருக்கும் தட்டும், அதை இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டும் கிடைக்கின்றன. ஸ்டோமா நர்ஸிடம் காட்டி அதற்கு மாறுவதே நல்லது.

ஸ்டோமாவைச் சுற்றித் தோல் சிவந்து நீர் கசிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் எரிச்சல் அடங்குகிறது, ஆனால் பை பிடிப்பதில்லை.

எண்ணெய் பட்ட தோலில் எந்தத் தட்டும் ஒட்டாது. கிரீம், பவுடர் டப்பாவிலிருந்து கொட்டும் முகப் பவுடர், மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நீர் கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, பிறகு தட்டை ஒட்டுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையைச் சில நிமிடம் அதன்மேல் வைத்திருங்கள். உடல் சூட்டில்தான் அது இளகித் தோலைப் பிடிக்கும். கசிவை நிறுத்தாமல் புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால் புண் ஆறாது. சிவப்போடு அரிப்பும் சிறு கொப்புளங்களும் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுவும்போது ஸ்டோமாவிலிருந்து ஓரிரு துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். வாயின் உட்புறம் போல ரத்தநாளம் நிறைந்த சவ்வு அது. அதில் வலி உணர்வும் கிடையாது. அதனால்தான் தட்டின் விளிம்பு அதை அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெட்டிய விளிம்பை விரலால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

சித்திரை வெயிலில் வேலூரில் லாரி ஓட்டுகிறேன். நான்கு நாள் நிற்கும் என்று சொன்ன தட்டு இரண்டு நாளில் கழன்றுவிடுகிறது.

தம்பி, நாள் கணக்கு ஏசி அறையில் இருப்பவருக்கும் வெயிலில் உழைப்பவருக்கும் ஒன்றாக இருக்காது. உங்களுக்கு இரண்டு நாள்தான் தாங்குகிறது என்றால், இரண்டாம் நாள் கசியும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் ஸ்டோமா அமைதியாக இருக்கும். மாற்றுப் பைகளை லாரியின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் ஒட்டும் பகுதி இளகிக் கெட்டுவிடும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். பாதிக்கு மேல் போனால் அந்தக் கனமே தட்டை இழுக்கும். வயிற்றில் முடி இருந்தால் டிரிம்மரால் கத்தரியுங்கள், பிளேடு வேண்டாம். சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். ஸ்டோமாவின் பக்கத்தில் குடலிறக்கம் வந்தால் வயிற்றின் வடிவமே மாறி, கசிவு இன்னும் கூடும்.

மலம் பையின் அடிக்குப் போகாமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பிக்கொள்கிறது.

பைக்குள் காற்றே இல்லாமல் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. ஒட்டும் முன் பைக்குள் ஊதிக் கொஞ்சம் காற்று விடுங்கள். பையில் ஃபில்டர் இருந்தால் பெட்டியில் வரும் சிறு ஸ்டிக்கரால் அதை மூடுங்கள். இரண்டு மூன்று சொட்டு எண்ணெயைப் பையின் உட்புறத்தில் தடவலாம், தட்டின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் கெட்டியாக இருக்கிறது என்றால் தண்ணீரும் மோரும் போதவில்லை.

சேலை கட்ட முடியவில்லை. பாவாடை நாடா ஸ்டோமாவின் மேலேயே வருகிறது.

நாடா இறுக்கும் இடத்தில் மலம் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பிதுங்கும். உங்கள் கசிவுக்கு இது ஒன்றே போதும். நானும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பாவாடைதான் கட்டுகிறேன். கொசுவத்தை ஸ்டோமா இல்லாத பக்கம் தள்ளிச் செருகினால் பை வெளியே தெரியாது. வேட்டி கட்டும் ஆண்கள் முடிச்சைத் தொப்புளுக்கு மேலே ஏற்றலாம், வேட்டியின் மேல் கட்டும் பெல்ட்டை விட்டுவிடலாம். இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: ஸ்டோமா வரப்போகும் இடத்தை முன்கூட்டியே உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் பார்த்து வயிற்றில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், நீங்கள் உடுத்தும் உடையையும் சொல்லுங்கள்.

ஆசனவாய் வழியாக இன்னும் சளி வருகிறது. ஏதோ தவறு நடந்துவிட்டதா?

இல்லை. மலக்குடலை எடுக்காமல் விட்டிருந்தால் அது சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். கழிப்பறையில் உட்கார்ந்து மெதுவாக முக்கினால் போதும். ரத்தமோ துர்நாற்றமோ இருந்தால் காட்டுங்கள்.

கணவர் கோயிலுக்கும் வருவதில்லை, கல்யாண வீட்டுக்கும் வருவதில்லை. பூஜை அறைக்குள் போகலாமா என்றுகூடக் கேட்கிறார்.

போகலாம். எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் அவர் பையிலும் இருக்கிறது, மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அவரைத் தடுப்பது பக்தியல்ல, கூட்டத்தில் கசிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் புதிதல்ல. டென்மார்க்கில் எலிசா சோரன்சன் என்ற நர்ஸின் தங்கை இதே பயத்தால் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார். அவருக்காகத்தான் 1954-ல் அந்த அக்கா, தோலில் ஒட்டி, பயன்படுத்திய பின் எறியும் பையை யோசித்தார். இன்று நாம் ஒட்டும் பைகள் அதன் வழி வந்தவை. முதலில் பத்து நிமிடம் போய்வரும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வெட்டித் தயாராக வைத்த ஒரு தட்டு, ஒரு பை, ஈரத்துணி, ஒரு பிளாஸ்டிக் கவர், மாற்று வேட்டி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். அது கையில் இருக்கும் தைரியத்திலேயே பலர் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே போகும் நாளுக்கு முந்தைய இரவு முட்டைகோஸ், மொச்சை, முட்டை வேண்டாம். வாயுவும் வாடையும் குறையும்.

பை வாங்கியே பணம் கரைகிறது. கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

தட்டும் பையும் தனித்தனியாக வரும் வகையில், பையை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்திச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தட்டை ஒருபோதும் மறுபடி ஒட்டாதீர்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் புண்ணுக்குச் செலவாகும். உங்களுடையது இடது பக்கத்துப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த ஸ்டோமா என்றால், இரிகேஷன் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கூம்புக் குழாய் வழியாக விட்டுக் குடலைக் காலி செய்யும் முறை அது. பழகியவர்களுக்கு அடுத்த ஒரு நாள்வரை மலம் அநேகமாக வராது. சிறிய மூடியோ சின்னப் பையோ போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும், நர்ஸ் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும். இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலில் வைத்த ஸ்டோமா உள்ளவர்களுக்கு இது கூடாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஸ்டோமா கருத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலமும் காற்றும் அடியோடு நின்று வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.